நீல்ஸ் ரிபெர்க் ஃபின்சென்

நீல்ஸ் ரிபெர்க் ஃபின்சென் (டிசம்பர் 15, 1860 – செப்டம்பர் 24, 1904) பரோயே தீவுகளில் பிறந்த டென்மார்க்கு நாட்டு மருத்துவரும் அறிவியலாளரும் ஆவார். செறிவூட்டப்பட்ட ஒளிக்கதிர்களைக் கொண்டு தோல் நோய்களைக் குணப்படுத்தும் முறையை உருவாக்கியதற்காக 1903 ஆம் ஆண்டின் மருத்துவத்துக்கான நோபல் பரிசு இவருக்கு வழங்கப்பட்டது. இப்பரிசைப் பெற்ற முதல் டென்மார்க்கு நாட்டவர் இவரே. தற்கால ஒளி மருத்துவத்தின் தந்தை எனவும் இவர் குறிப்பிடப்படுகிறார்.

ஃபின்சென் புகழ் பெற்றது தோலில் உண்டாகும் காசநோய்க்கான மருத்துவத்தினால் ஆகும். எக்சிமா எனப்படும் கரப்பான் நோய்க்கு இவர் மருந்து கண்டவர் அல்லர். எனினும் கரப்பான், காளாஞ்சகப்படை, வெண்புள்ளி ஆகியவற்றுக்கு மருத்துவமனைகளில் இன்று அளிக்கப்படும் ஒளி மருத்துவம் இவரது ஆய்வுகளின் வழிவந்ததாகும். வெயில் பட்டால் கரப்பான் தணியுமா, முற்றுமா என்னும் ஐயம் விருதுநகர், சிவகாசி போன்ற வெயில் மிகுந்த ஊர்களில் இயல்பாகவே எழக்கூடியது. அவ்வையத்தைத் தெளிவுபடுத்தும் வழியும் இவரது ஆய்வு முறையிலேயே அடங்கியுள்ளது.

பிறப்பும் கல்வியும்

வட அத்திலாந்திக் பெருங்கடலில் அமைந்துள்ள பரோயே தீவுகளின் தலைநகரான டோர்ஷானில் ஃபின்சென் பிறந்தார். தந்தை ஹன்னெஸ் ஃபின்சென் ஐசுலாந்துக் குடும்பத்தைச் சேர்ந்தவர். தீவுகளின் ஆட்சி நிர்வாகத்தில் உயர் பதவி வகித்தவர். நீல்சுக்கு நான்கு வயதாகும்போது தாயார் காலமானார். டோர்ஷான் ஏறத்தாழ 62 பாகை வட அகலாங்கில் உள்ளது. மூடுபனியும் மேகமும் சூழ்ந்த அவ்வூருக்கு ஆண்டு முழுவதிலும் கிடைக்கும் நேரடி வெயில் ஆயிரம் மணி நேரத்துக்கும் குறைவு. குளிர்காலத்தில் பகல் ஐந்து மணி நேரமே நீடிக்கும்.

பள்ளியில் இவர் சிறந்து விளங்கவில்லை. டென்மார்க்கிலுள்ள ஹெர்லுஃப்சோல்ம் என்னும் உறைவிடப் பள்ளியில் 1874 இல் சேர்க்கப்பட்டார். நல்ல மனம் கொண்ட, ஆனால் திறமையும் ஊக்கமும் குறைந்த மாணவன் என்பதே அப்பள்ளித் தலைவரின் மதிப்பீடாக இருந்தது. 1876 இல் தந்தையின் பூர்வீக நாடான ஐசுலாந்துக்கு அனுப்பப்பட்டு ரெய்க்யவிக் நகரப் பள்ளியில் பயின்றார். அங்கு 1882 இல் தேர்ச்சி பெற்ற 15 மாணவர்களுள் இவர் பெற்ற இடம் 11 ஆகும். அதே ஆண்டில் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயிலத் தொடங்கி 1890 இல் பட்டம் பெற்றார். பின்னர் அப்பல்கலைக்கழகத்தின் உடற்கூற்றியல் துறையில் பிணக்கூறு செய்து காட்டும் பணியில் அமர்ந்தார். அறுவை மருத்துவ மாணவர்களுக்குத் தனியாகவும் பாடம் நடத்தினார்.

நோயும் வெயிலும்

மாணவராக இருந்த காலத்திலேயே, 1883 அளவில், ஃபின்செனுக்கு நோய் தொடங்கியது. கல்லீரல், மண்ணீரல், இதயம் ஆகியவற்றைச் சூழ்ந்த உறைகள் மெல்ல மெல்லத் தடித்து அவ்வுறுப்புகளின் இயக்கத்தை நெருக்கும் நோய் அது. வயிற்றில் நீர் கோத்துக்கொள்வதும் அதனைப் பலமுறை வெளியேற்றுவதும் இவரது வாழ்வின் பகுதியாயின. இறுதி ஆண்டுகளில் சக்கர நாற்காலியிலேயே நடமாடினார். ஒளியைப் பற்றிய இவரது ஆய்வுகள் அனைத்தும் இந்நோயின் நடுவே நடந்தவை.

கோபன்ஹேகனில் இவர் தங்கியிருந்த அறை வடக்கு நோக்கியது, வெயில் புகாதது. சோகையும் சோர்வும் வாட்டிய இவருக்கு வெயில் பட்டால் உடல்நிலை தேறுவதாகத் தோன்றியது. சாளரத்துக்கு வெளியே கூரைமீது படுத்திருந்த பூனை ஒன்று, நிழல் நெருங்கும்போதெல்லாம் வெயிலை நோக்கி நகர்ந்து சென்றதைக் கவனித்ததாகவும் கூறுவர். இத்தகைய கதைகள் அறிஞர் பலரின் வரலாற்றில் பின்னர் மெருகேற்றப்பட்டவையாக இருப்பதுண்டு. ஆயினும் தன் உடலுக்கு வெயில் என்ன செய்கிறது என்னும் கேள்வியே இவரை இத்துறைக்கு இட்டுச் சென்றது என்பதில் ஐயமில்லை.

1892 இல் ரிபெ நகர ஆயரின் மகளான இங்கெபோர்க் பால்ஸ்லெவ் என்பவரை மணந்தார். ஒளி ஆய்வுகளுக்கு முழு நேரத்தையும் அளிக்கும் பொருட்டு 1893 இல் பல்கலைக்கழகப் பணியை விட்டு விலகினார்.

கையில் தீட்டிய மை

ஃபின்செனுக்கு முன்பே ஒளி பற்றிய சில உண்மைகள் அறியப்பட்டிருந்தன. ஒளி பாக்டீரியாக்களைக் கொல்லும் என்பதை டௌன்ஸ், பிளண்ட் என்னும் இரு ஆங்கிலேயர் 1877 இல் காட்டியிருந்தனர். வெயிலில் தோல் சிவந்து புண்படுவது வெப்பத்தால் அன்று, கண்ணுக்குப் புலப்படாத புறஊதாக் கதிர்களால் என்பதைச் சுவீடனைச் சேர்ந்த விட்மார்க் 1889 இல் விளக்கியிருந்தார்.

ஃபின்சென் இதனைத் தம் உடலிலேயே சோதித்தார். முன்கையில் ஒரு பட்டையாகக் கறுப்பு மையைத் தீட்டிக்கொண்டு ஏறத்தாழ மூன்று மணி நேரம் கடும் வெயிலில் காட்டினார். மையைக் கழுவியபோது அதன் கீழிருந்த தோல் வெண்மையாகவே இருந்தது; சுற்றியிருந்த பகுதி சிவந்து வீங்கி, சில நாட்களில் பழுப்பேறியது. பின்னர் மை இல்லாமல் அதே கையை மீண்டும் வெயிலில் காட்டினார். இம்முறை முன்பு வெண்மையாக இருந்த பட்டை சிவந்தது; பழுப்பேறிய பகுதியோ சிவக்காமல் மேலும் கருமையடைந்தது. தோலில் உண்டாகும் நிறமி, மையைப் போலவே கதிர்களைத் தடுத்து உடலைக் காக்கிறது என்னும் முடிவுக்கு வந்தார். ஒளி தோலில் விளைவிக்கும் மாற்றங்கள் பற்றிய இவரது கட்டுரை 1893 இல் வெளிவந்தது.

மிக எளிய இச்சோதனையில் இவரது ஆய்வு முறை முழுவதும் அடங்கியுள்ளது எனலாம். வெயில் என்பது ஒரே பொருள் அன்று; அதில் வெப்பம் வேறு, கண்ணுக்குத் தெரியும் ஒளி வேறு, புறஊதாக் கதிர் வேறு. எந்தப் பகுதி எதைச் செய்கிறது எனப் பிரித்தறிந்து, வேண்டியதை மட்டும் வேண்டிய அளவில் தோலுக்கு அளிப்பதே இவரது நோக்கமாயிற்று.

பெரியம்மையும் சிவப்பு அறையும்

இவரது முதல் மருத்துவ முயற்சி ஒளியை அளிப்பதன்று, தடுப்பது. பெரியம்மைக் கொப்புளங்கள் முகத்திலும் கைகளிலும் ஆழமான வடுக்களை விடுவதற்கு வெளிச்சமே காரணம் எனக் கருதிய ஃபின்சென், நோயாளிகளைச் சிவப்புத் திரையிட்ட அறைகளில் வைக்குமாறு 1893 இல் பரிந்துரைத்தார். நோர்வேயின் பேர்கன் நகர மருத்துவர்கள் இதனைப் பின்பற்றி நல்ல பயன் கண்டதாக அறிவித்தனர். பிற்கால ஆய்வுகள் இதனை உறுதி செய்யவில்லை. அம்மை கண்டவரைத் தனியறையில் வேப்பிலை சூழக் கிடத்தும் தமிழ்நாட்டு வழக்கத்தைப் போல, சிவப்புத் துணியால் போர்த்தும் வழக்கம் ஐரோப்பாவிலும் சப்பானிலும் நெடுங்காலமாக இருந்து வந்தது.

தோல் காசநோய் மருத்துவம்

லூப்பஸ் வல்காரிஸ் எனப்படும் தோல் காசநோய் அக்கால ஐரோப்பாவில் பரவலாகக் காணப்பட்டது. பெரும்பாலும் முகத்தில் தோன்றி மூக்கையும் உதடுகளையும் கன்னத்தையும் சிறிது சிறிதாக அரித்துவிடும் இந்நோய், உயிரை உடனே பறிக்காது. ஆனால் நோயாளியை மக்கள் முகம் கொடுத்துப் பார்க்க அஞ்சும் நிலைக்குத் தள்ளிவிடும். வெட்டியெடுப்பதும் சூடிட்டுப் பொசுக்குவதும் தவிர வேறு மருத்துவம் இல்லை.

இந்நோயால் பல ஆண்டுகள் துன்புற்று, அறுவை மருத்துவத்தாலும் பயன் காணாத நீல்ஸ் மொகென்சென் என்னும் பொறியாளர் ஃபின்செனிடம் வந்த முதல் நோயாளி ஆவார். 1895 நவம்பரில் கோபன்ஹேகன் மின் ஒளி நிலையத்தின் கரி வில் விளக்கு ஒன்றின் உதவியுடன் அவரது கன்னத்தில் நாள்தோறும் ஒளி பாய்ச்சப்பட்டது. சில மாதங்களில் புண்கள் ஆறின.

இம்முறையின் நுட்பம் விளக்கைவிட அதனைச் சுற்றியிருந்த ஏற்பாடுகளிலேயே இருந்தது. வில்லைகள் ஒளியைச் சிறு புள்ளியாகக் குவித்தன. நீர் நிரம்பிய குழாய் வெப்பக் கதிர்களை உறிஞ்சியதால் தோல் வேகவில்லை. குருதி ஒளியைத் தடுக்கும் என்பதை அறிந்திருந்த ஃபின்சென், குளிர்நீர் ஓடும் குவார்ட்ஸ் வில்லை ஒன்றைத் தோலின்மீது அழுத்திப் பிடித்து அவ்விடத்தின் குருதியை விலக்கினார். ஒளி அப்போதுதான் ஆழமாகச் செல்ல இயலும். ஒரு நோயாளிக்கு ஒரு செவிலியர் வீதம் அருகிலேயே அமர்ந்து ஒரு மணி நேரத்துக்கும் மேலாக அவ்வில்லையைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். ஒரு வேளையில் ஒரு சிறு இடத்துக்கே ஒளி பாய்ச்ச முடியும் என்பதால் முழு மருத்துவம் மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நீடித்தது. அச்செவிலியர்களின் பொறுமை பற்றி வரலாற்று நூல்கள் போதிய அளவு பேசுவதில்லை.

1896 இல் நகர ஆட்சியினரும் செல்வந்தர் இருவரும் அளித்த உதவியால் ஃபின்சென் ஒளி மருத்துவ நிலையம் கோபன்ஹேகனில் தொடங்கப்பட்டது. 1901 வரை இங்கு மருத்துவம் பெற்ற தோல் காசநோயாளர்கள் 804 பேர்; இவர்களுள் 83 விழுக்காட்டினர் குணமடைந்தனர். ஏனையோரிலும் பெரும்பாலோர்க்கு நோய் குறைந்தது. டென்மார்க்கு அரச குடும்பத்தில் பிறந்து இங்கிலாந்து அரச குடும்பத்தில் மணம் முடித்த அலெக்சாண்டிரா, 1900 இல் ஃபின்சென் விளக்கு ஒன்றை இலண்டன் மருத்துவமனைக்கு அளித்தார்.

நோபல் பரிசும் மறைவும்

1898 இல் பேராசிரியர் பட்டமும், அடுத்த ஆண்டு அரசின் வீரத்தகைமை விருதும் ஃபின்செனுக்குக் கிடைத்தன. 1903 இல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது பயணம் செய்யும் நிலையில் இவர் இல்லை. ஸ்டாக்ஹோம் விழாவில் கலந்துகொள்ளவில்லை. பரிசுத் தொகையில் 50,000 குரோனரைத் தம் ஒளி மருத்துவ நிலையத்துக்கு அளித்தார்; இதய, கல்லீரல் நோயாளர்களுக்கெனத் தாம் நிறுவிய மருத்துவ இல்லத்துக்கும் ஒரு பெரும் பகுதியைக் கொடுத்தார்.

இறுதி ஆண்டுகளில் தம் நோயையே ஆராய்ச்சிப் பொருளாக்கிக்கொண்டார். உண்ணும் உப்பின் அளவையும் பருகும் நீரையும் நாள்தோறும் அளந்து, உப்பு உடலில் தங்குவதற்கும் நீர் கோத்தலுக்கும் உள்ள தொடர்பை எழுதினார். அக்கட்டுரை வெளியான 1904 ஆம் ஆண்டிலேயே, செப்டம்பர் 24 அன்று, தமது 43 ஆம் வயதில் கோபன்ஹேகனில் காலமானார்.

ஃபின்சென் அறியாதது

புறஊதாக் கதிர்களே காசநோய்க் கிருமிகளைக் கொன்றன என ஃபின்சென் நம்பினார். எஞ்சியிருந்த அவரது விளக்கமைப்புகளை டென்மார்க்கு ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2005 இல் வெளியிட்ட முடிவு வேறாக இருந்தது. ஏறத்தாழ 340 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுள்ள கதிர்களை அவ்வமைப்புகள் பெரும்பாலும் வெளிவிடவில்லை. கிருமிகளுக்குள் இயற்கையாக உள்ள போர்ஃபிரின் என்னும் பொருள் நீல-ஊதா ஒளியை ஏற்று, வினைத்திறன் மிக்க ஒருவகை ஆக்சிசனை உண்டாக்கி, அக்கிருமிகளையே அழித்திருக்க வேண்டும் என அவர்கள் கருதுகின்றனர். விளக்கம் பிழைபட்டும் மருத்துவம் பலித்தது. கதிர்களைப் பிரித்துக் கையாளும் முறை சரியாக இருந்ததே அதற்குக் காரணம்.

1940களிலும் 1950களிலும் ஸ்ட்ரெப்டோமைசின், ஐசோநையாசிட் ஆகிய மருந்துகள் வந்தபின் தோல் காசநோய்க்கு ஒளி மருத்துவம் தேவையற்றதாயிற்று. ஒளி மருத்துவம் வேறு தோல் நோய்களுக்குத் திரும்பியது.

கரப்பானும் ஒளி மருத்துவமும்

கரப்பான் என்பது தோல் அழன்று, சிவந்து, அரித்து, நீர் கசிந்து, நாட்படத் தடித்துப்போகும் நிலை ஆகும். இது தொற்றுநோய் அன்று. ஃபின்செனின் நோயாளிகளில் கொல்லப்பட வேண்டிய கிருமி இருந்தது. கரப்பானில் அடக்கப்பட வேண்டியது உடலின் சொந்த நோயெதிர்ப்பு அணுக்களின் மிகைச் செயலே. புறஊதாக் கதிர் இவ்வணுக்களின் செயலைத் தணிக்கிறது என்பது 20 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தெளிவாயிற்று.

எந்த அலைநீளம் காளாஞ்சகப்படையை ஆற்றுகிறது, எது தோலைப் புண்படுத்த மட்டுமே செய்கிறது என்பதை 1981 இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அளந்தனர். ஃபின்சென் எழுப்பிய கேள்வியே இது. இதன் பயனாக 311 முதல் 313 நானோமீட்டர் வரையிலான குறுகிய பட்டையை மட்டும் வெளியிடும் விளக்குகள் உருவாயின. கரப்பானுக்கும் இவை பயன்படுகின்றன. வாரம் இரண்டு அல்லது மூன்று முறை, சில நொடிகளில் தொடங்கிச் சிறிது சிறிதாக நேரத்தைக் கூட்டி, கண்களுக்குக் காப்புக் கண்ணாடி அணிவித்து, பல வாரங்கள் ஒளி அளிக்கப்படுகிறது. கருநிறத் தோலில் நிறமி மிகுதி என்பதால் கூடுதல் அளவு தேவைப்படும்; ஃபின்செனின் பழுப்பேறிய கை காட்டிய உண்மை இதுவே.

வெயில் இவ்விளக்குக்கு ஈடாகாது. கரப்பான் உள்ளவர்களுள் பலருக்கு மிதமான வெயிலில் அரிப்புத் தணிவது உண்மை. ஆனால் வெயிலில் இந்த 311 நானோமீட்டர்க் கதிர் சிறு பகுதியே. அதனுடன் தோலைப் பொசுக்கும் பிற கதிர்களும் வெப்பமும் சேர்ந்தே வருகின்றன. வெப்பத்தால் வியர்வை, வியர்வையால் அரிப்பு, சொறிவதால் புண். ஒரு சிலருக்கு ஒளியே கரப்பானை முற்றச் செய்யும். அவர்களுக்கு முகம், கழுத்து, புறங்கை ஆகிய வெயில் படும் இடங்களில் நோய் மிகுந்து, சட்டை மறைக்கும் இடங்களில் குறைந்திருக்கும். 1950களின் நடுவில் புனே அருகே முதலில் கவனிக்கப்பட்டு இந்தியா எங்கும் பரவிய பார்த்தீனியம் களையினால் உண்டாகும் தோல் அழற்சி, நாளடைவில் இவ்வாறு ஒளி தாங்காத நிலையாக மாறுவதுண்டு.

எலுமிச்சைச் சாற்றைத் தடவி வெயிலில் நிற்பது தீங்கானது. அதிலுள்ள சோராலென் வகைப் பொருள்கள் புறஊதாக் கதிருடன் சேர்ந்து தோலைக் கொப்புளிக்கச் செய்யும். வெண்புள்ளிக்குச் சித்த மருத்துவத்தில் வழங்கும் கார்போகரிசியிலும் சோராலென் உள்ளது. அங்கே இதே வினை மருந்தாகப் பயன்படுத்தப்படுகிறது. அளவு தவறினால் அதுவும் புண்ணாக்கும்.

விருதுநகர், சிவகாசி வட்டாரத்தில்

டோர்ஷானுக்கு நேரெதிரான வானம் இவ்வட்டாரத்தினுடையது. 10 பாகைக்கும் குறைந்த வட அகலாங்கில் உள்ள சிவகாசியில் வெயில் ஒரு தொழிற்பொருள். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922 இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பி, 1923 இல் இங்குத் தொடங்கிய தொழில் வேரூன்றியதற்கு வறண்ட தட்பவெப்பமும் ஒரு காரணம். பட்டாசுகள் இன்றும் திறந்தவெளி மேடைகளில் வெயிலில் உலர்த்தப்படுகின்றன. வெடிக்கும் கலவைக்கு இங்கு வழங்கும் பெயர் மருந்து என்பதும் குறிப்பிடத்தக்கது.

அம்மருந்தைக் கையாளும் தொழிலாளர் ஒருவருக்குக் கைகளில் கரப்பான் தோன்றினால், அவர் நாள் முழுதும் வெயிலில் நிற்பதால் அது ஆறிவிடும் எனக் கொள்ள இயலாது. கந்தகம், வெடியுப்பு, அலுமினியத் தூள் ஆகியவற்றின் துகள்கள் வியர்வையில் ஒட்டித் தோலை உறுத்துகின்றன. தீக்குச்சி மருந்தில் சேர்க்கப்படும் பொட்டாசியம் டைகுரோமேட்டு, சிமெண்டில் உள்ள குரோமியத்தைப் போலவே, ஒவ்வாமைக் கரப்பானுக்கு நன்கறியப்பட்ட காரணம். இவ்வகைக் கரப்பானுக்கு ஒட்டுச் சோதனை மூலம் காரணப் பொருளைக் கண்டறிந்து விலக்குவதே முதல் மருத்துவம். வேலை முடிந்ததும் கழுவுதல், உடை மாற்றுதல், தோலின் ஈரம் காக்கும் களிம்பு பூசுதல் ஆகியவை துணை செய்யும். துகள் படிவது தொடரும் வரை விளக்கொளியும் நிலையான பயன் தராது. கரப்பான் வெயில் படும் இடங்களில் மட்டும் மிகுமானால், அதனை மருத்துவரிடம் தனியே குறிப்பிட்டுச் சொல்வது நோயறிதலுக்கு உதவும்.

நினைவுச் சின்னங்கள்

கோபன்ஹேகனில் ருடோல்ஃப் டெக்னர் வடித்த ஃபின்சென் நினைவுச் சிலை உள்ளது. ஒளியை நோக்கி என்னும் பொருள்படும் பெயருடைய அச்சிலையில் மூன்று மனித உருவங்கள் உள்ளன. நடுவிலுள்ள உருவம் வானை நோக்கிக் கைகளை உயர்த்தி நிற்கிறது. இவர் நிறுவிய ஒளி மருத்துவ நிலையம் பிற்காலத்தில் புற்றுநோய் மருத்துவத்துக்கு மாறி, கோபன்ஹேகனின் பெரிய அரசு மருத்துவமனையுடன் இணைக்கப்பட்டது. அங்குள்ள ஆய்வுக்கூடம் ஒன்று இவரது பெயரைத் தாங்கியுள்ளது. டோர்ஷான் நகரின் முதன்மைக் கடைத்தெருவும் இவர் பெயராலேயே வழங்குகிறது.